வந்தவர்கள் யார் பக்கம்?

"ஏன்டா, வாசல்லயே நின்னா எப்படி? உள்ள போய் நாலு போடு போடுங்களேன்டா!"

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி டாக்டரம்மா திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டு வாங்குபவை, கண்ணாடித் தகட்டில் சாயம் ஏறிக் கிடக்கும் வெள்ளை அணுக்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று பதறி எழுந்துவிடுவதும் உண்டு.

வெட்டியெடுத்த கட்டியைப் பார்த்து இன்னதென்று சொல்வது அவர் வேலை. பக்கத்தில் வைத்த தேநீர் ஆடை கட்டிப்போகும், நிமிர மாட்டார்.

"புற்றணு சும்மா கிடக்காது. ஓயாம சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். ஓடி வர்ற வெள்ளை அணுவுல சிலது அதை அடிக்கும். சிலது அது பேச்சுல மயங்கி, அதுக்கே சோறு போட்டு வளர்க்கும்." அழற்சி என்று பாடநூல் சொல்வதற்கு அவருடைய விளக்கம் இவ்வளவுதான். வந்த கூட்டம் யார் பக்கம் என்று தெரியாமல் அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டார். பிடிவாதக்காரர்.

இன்று வந்திருப்பது அவருடைய தம்பியின் தகடு. சொந்தக்காரர் தகட்டைத் தானே பார்க்கக் கூடாது என்று அங்கே விதி போட்டவரே அவர்தான். அதனால் பக்கத்து இருக்கை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அடிக்கிற அணுக்கள் கட்டிக்குள் புகுந்திருந்தால், அவற்றை உசுப்பிவிடும் புது மருந்து தம்பிக்குப் பலிக்க வாய்ப்புண்டு. வெளியிலேயே நின்றிருந்தால் அந்த நம்பிக்கையும் போயிற்று.

"அக்கா... உள்ள போயிருக்குக்கா. நிறையவே." பக்கத்து இருக்கை டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து துள்ளி நிமிர்ந்தாள்.

டாக்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் அவள் முகத்தையே பார்த்தார்.

"எனக்காகச் சொல்றியா?"

"ஐயோ, இல்லக்கா!"

"நீ பொய் சொல்ல மாட்டே, தெரியும். ஆனா அவன் பொழைக்கணும்னு என்னை மாதிரியே நீயும் தவிக்கறே. அதான் பயமா இருக்கு."

கைபேசி அடித்தது. தம்பிதான். எடுக்க மனம் துடித்தது, எடுக்கவில்லை.

தகட்டின் ஓரத்தில் தம்பியின் பெயர் இருந்தது. அதன்மேல் வெள்ளை ஒட்டுநாடாவை ஒட்டி, யாருக்கும் தயவு காட்டாத எதிர் அறை டாக்டரிடம் எடுத்துப் போனார். அவர் கை நீட்டினார். டாக்டரம்மா உடனே கொடுக்கவில்லை. நன்றாக ஒட்டிவிட்ட அந்த நாடாவைக் கட்டைவிரலால் இன்னும் நீவிக்கொண்டே நின்றார்.