அவளும் நானும் முடிவு செய்த மாத்திரை

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மனைவிக்கு யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். திட்டும் குரல். மனச்சிதைவு என்று திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் கொடுத்த மாத்திரையில் குரல் அடங்கியது. ஆனால் முகம் இறுகிப் போய், கை நடுங்கி, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பாள். பிறகு புது மாத்திரைக்கு மாற்றினார்கள். நடுக்கம் நின்றது. பசி வந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நான் வருவதற்குள் சோற்றுப் பானை காலியாகிவிடும். உடம்பு பெருத்தது, சர்க்கரையும் ஏறியது.

"பழசுக்கே போறதா, இதையே தொடர்றதா, ரெண்டு பேரும் பேசிட்டு அடுத்த முறை சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. பழையதே போதும் என்று நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை.

ஆடி ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சொம்பு சொம்பாகக் குடித்துவிடுவாளே என்று தேடிப் போனேன். அவளோ அண்டா பக்கத்தில் நின்று வரிசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, பொண்டாட்டியப் புடிக்க வந்தியா? உன் பங்கையும் அது குடிச்சிடுச்சு" என்றாள்.

"நீ மட்டும் இன்னாக்கா, எல்லாக் கோயில் கூழையும் குடிச்சிக்கினுதான இங்க வந்து நிக்கிற" என்றாள் என் மனைவி. வரிசையே சிரித்தது.

திரும்பும் வழியில் கேட்டேன். "பழைய மாத்திரைக்கே போயிடலாமா மே? சர்க்கரை பயமா கீது."

"எனக்கும் பயமாத்தான் கீது. ஆனா அத்த முழுங்குனா கட்டை மாதிரி குந்திக்கினு இருப்பேன். நீயே பேசுவ, நீயே பதில் சொல்லுவ. அது வோணாம்யா."

டாக்டர் முன்னால் நான் எப்போதும் தரையைப் பார்த்து "நல்லா கீது" என்று மட்டும் சொல்வேன். இந்த முறை நிமிர்ந்து சொன்னேன். "புதுசே இருக்கட்டும்மா. எம் பொண்டாட்டி சொல்றதுதான் எனக்கும். சர்க்கரைக்கு இன்னா பண்ணணும்னு சொல்லுங்க."

ரத்தம் பார்க்க வேண்டும், நடக்க வேண்டும், நாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்றார்.

இப்போது சாயங்காலம் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை நடக்கிறோம். போண்டாக் கடை வந்தால் நான் அந்தப் பக்கம் மாறி மறைக்கிறேன். அவள் எட்டிப் பார்க்கிறாள். சர்க்கரை இறங்காவிட்டால் மறுபடி டாக்டரம்மாவிடம் பேசுவேன், அவளையும் வைத்துக்கொண்டு.

ஆவணி மாதம், முதல் ஞாயிறு.