சுங்கைவே பூமணி கணினி படித்த கதை

பூமணியின் வேலையை வெளியாருக்கு விளக்குவது கஷ்டம். தலைமயிரை நான்காகப் பிளந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லிய தங்கக் கம்பியை, நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு சிலிக்கான் சில்லின் மேல் ஒட்ட வேண்டும். ஒரு முனை இங்கே, மறுமுனை அங்கே. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் தேநீர் இடைவேளைக்குத்தான் எடுப்பது. சுங்கைவே தொழிற்பேட்டையில் 1974இல், பத்தொன்பது வயதில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் முப்பத்திரண்டு வயதாகியும் எழுந்திருக்கவில்லை. இடையில் கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண்கள் பிறந்தார்கள், கம்போங் மேடான் பலகை வீட்டுக்கு மின்சாரம் வந்தது. அவள் கம்பி ஒட்டிய சில்லுகள் கப்பலேறி எங்கெங்கோ போயின. போய் என்ன செய்கின்றன என்று அவள் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

1987 ஜூனில் கண் தகராறு செய்தது. தொழிற்சாலைத் தாதி வருடா வருடம் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். அந்த முறை கடைசி மூன்று வரிகளும் கலங்கிய ரசம் போலத் தெரிந்தன. இன்னும் ஒரு வருடம்தான் நுண்ணோக்கி, அதற்குமேல் பேக்கிங் பிரிவு என்று தாதி அட்டையில் எழுதிவிட்டாள். பேக்கிங் என்றால் என்ன என்று பூமணிக்குத் தெரியும். முந்தைய வருடம் வேலை குறைந்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்தப் பிரிவுக்காரிகள்தான்.

அதே மாதத்தில் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சோதனைப் பிரிவுக்குக் கணினிகள் வருகின்றன, எண்களைப் பதிவு செய்ய ஆறு பேர் வேண்டும், நவம்பரில் தேர்வு, எங்காவது கணினி வகுப்பில் படிப்பதாகக் கடிதம் கொடுத்தால் லைனில் கம்பி ஒட்டுபவர்களும் எழுதலாம். பூமணி அதை மூன்று நாள் மூன்று முறை நின்று படித்தாள்.

கணவன் வேலாயுதம் லோரி ஓட்டுபவன். விஷயத்தைக் கேட்டதும் சோற்றுக் கையோடு சிரித்தான்.

"கம்ப்யூட்டரா? நீ ரேடியோவில ஸ்டேஷன் மாத்தவே என்னைக் கூப்பிடுறவ."

"நீங்க வீட்டில இருந்தா கூப்பிடுறேன். இல்லாதப்ப யார் மாத்துறாங்கன்னு நினைச்சீங்க?" என்றாள் பூமணி.

ஆனாலும் அவள் சேர்ந்த வகுப்பின் முதல் ஞாயிற்றுக்கிழமை நகரத்துப் பிரிக்பீல்ட்ஸ் வரை லோரியில் கொண்டுவந்து, ஸ்காட் சாலை முனையில் அவளை இறக்கிவிட்டவன் அவன்தான். இறங்கும்போது அவள் சேலை முந்தானை கதவில் மாட்டாமல் எடுத்துவிட்டுப் போனான்.

வகுப்பை நடத்தியவர் யோகநாதன். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், அரசாங்கக் கருவூலத்தில் முப்பது வருட உத்தியோகம். துளை போட்ட அட்டைகளைத் தின்னும் பீரோ அளவு கணினியோடு மாரடித்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு கடை மாடியைப் பிடித்து நான்கு கணினிகளை வாங்கி வைத்தார். அந்த அறையைக் கோயில் மூலஸ்தானம் போல வைத்திருந்தார் மனிதர். பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. குளிர்சாதனம் பல் கிட்டும் அளவுக்கு ஓடியது. செருப்பும் காலணியும் வாசலுக்கு வெளியே. அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் நைலான் காலுறையோடு கம்பளத்தில் நடப்பார். பித்தளைக் கைப்பிடியைத் தொடும் போதெல்லாம் சுருக்கென்று குத்தும். பக்கத்து நாற்காலிக்காரி குணேஸ்வரி, ஐந்தாம் படிவமென்னும் பள்ளியிறுதி முடித்த துடுக்குப் பெண், "அங்கிள், உங்க கதவு கடிக்குதுலா" என்று புகார் சொல்வாள். அவர் அதைக் கண்டுகொள்வதில்லை.

முதல் மூன்று வாரம் யாரும் விசைப்பலகையைத் தொடக்கூடாது. கரும்பலகையில் ஆங்கிலத்தில் விளக்கம், மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் பூமணி. இன்புட், அவுட்புட், மெமரி என்று எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து ஒப்பித்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. நான்காம் வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுவதும் ஒற்றை விரலால் தட்டி முடித்துவிட்டு நிம்மதியாகப் பொத்தானை அமுக்கி அணைத்தாள். மறுவாரம் வந்து அந்தப் பக்கத்தைத் தேடினாள். காணோம். சேமிக்கச் சொல்லிக் கரும்பலகையில் எழுதியிருந்ததுதான். தட்டச்சில் அடித்தது தாளில் இருப்பது போல, தட்டியது உள்ளே இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதே தவறை இன்னொரு முறையும் செய்தாள். குணேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று வகுப்பு கலைந்ததும் யோகநாதன் அவளை நிற்கச் சொன்னார்.

"பூமணி, குறை நினைக்காதையுங்கோ. கொஞ்சம் இங்கிலீஷ் படிச்சுக்கொண்டு அடுத்த வருஷம் வாங்கோ. இப்ப உங்களுக்கும் கஷ்டம், வகுப்புக்கும் கஷ்டம்."

"அடுத்த வருசம் எனக்குக் கண்ணு இருக்காது சார்."

கண் அட்டையைப் பற்றியும் பேக்கிங் பிரிவைப் பற்றியும் அவள் சொல்லச் சொல்ல, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து பார்க்கிறேன், அதற்கு மேலும் விளங்கவில்லை என்றால் நானே வரமாட்டேன் என்று கேட்டுக்கொண்டாள். அவரால் மறுக்க முடியவில்லை.

அந்த இரண்டு ஞாயிற்றில் முதலாவதில்தான் நடந்தது. புதிதாக வாங்கிய கணக்குப் போடும் மென்பொருளுக்குக் கணினிகளின் நினைவகம் போதவில்லை. ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒன்பது சில்லுகளைச் செருக வேண்டும். யோகநாதன் புத்தகத்தைப் பார்த்துத் தானே செய்வதென்று முடிவெடுத்திருந்தார். முந்தைய வாரம் ஒரு கணினிக்குப் போட்டுப் பார்த்தார்; திரை கருப்பாகவே நின்றது. கடைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே வேறு ஒன்பதைக் கொடுத்தான். அவையும் செத்துப் போயின. மூன்றாம் முறையாக ஒன்பதைக் கொடுத்து, இனி மாற்றித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். இப்போது கையில் இருந்தது அந்த ஒன்பதும் அடைத்த கடைசிக் குழல்.

கணினியின் மூடியைத் திறந்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். பூமணி எட்டிப் பார்த்தாள். பச்சைப் பலகையில் மரவட்டை போல் கால் வைத்த கருப்புச் சில்லுகள், வரிசை வரிசையாக. கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டது போல இருந்தது. அந்தக் கருப்பு ஓட்டுக்குள் என்ன இருக்கிறது, கம்பி எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

யோகநாதன் கம்பளத்தில் நடந்து வந்து, குழலைச் சாய்த்து ஒரு சில்லை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். பக்தியோடு, கால் காலாக, அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

பூமணி அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள். லைனில் கேட்டால்தான் பேச வேண்டும். பொறியாளரிடம் தானாகப் பேசிய ஒருத்தியை அவள் பார்த்ததில்லை. இங்கேயோ வகுப்பிலேயே கடைசி அவள். அவர் துடைத்து முடித்து இரண்டாவதைக் கையில் எடுத்தார்.

"சார், துடைக்காதீங்க."

அறை முழுதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"தூசி இருக்கக் கூடாதுதானே?" என்றார் அவர்.

"தூசியில சாகாது சார். நம்ம கையில சாகும். கதவு கடிக்குதுன்னு குணேஸ் சொல்லுது பாருங்க, கம்பளத்தில நடந்து உடம்பில ஏறுற அந்தக் கரண்டுதான். நமக்கு அது சுருக்குன்னு போயிடும். இதுக்கு உயிர் போயிடும். நமக்குத் தெரியாத அளவு இருந்தாலே போதும்."

தொழிற்சாலையில் பருத்திச் சட்டை போடுவதும், மணிக்கட்டில் பட்டையும் அதிலிருந்து ஒரு கம்பியும் தரைக்குப் போவதும் அதனால்தான் என்று சொன்னாள். பட்டை கட்ட மறந்ததற்கு மூன்று நாள் சம்பளம் போன கதையையும் சொன்னாள். யோகநாதன் கைக்குட்டையைக் கீழே வைத்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"புத்தகத்தில இருக்கு, படிச்சனான்," என்றார் மெதுவாக. "நைலான் சொக்ஸ் எண்டு எழுதியிருக்கேல்ல."

முதலில் சிரித்தது அவர்தான். கம்பளத்தைச் சுருட்டினார்கள். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, பூமணி சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகி, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றாள். இடது முழங்கை கணினியின் இரும்புச் சட்டத்தில் படும்படி ஊன்றிக்கொண்டாள். சில்லுகளின் விரிந்திருந்த கால்களை இரும்பில் வைத்து இலேசாக அழுத்தி நேராக்கி, ஒவ்வொன்றாக அமர்த்தினாள். பதின்மூன்று வருடத்துக் கை. துடைத்ததை மட்டும் கடைசியில் பயந்துகொண்டே போட்டாள். மூடாமலேயே மின்சாரம் கொடுத்தார்கள். திரையின் மூலையில் நினைவக எண்கள் ஏறிக்கொண்டே போய், நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. குணேஸ்வரி அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

பூமணி விலகவில்லை. விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினாள்.

"சார், நான் இப்ப அடிச்சது எங்க போய் உக்காருது?"

"நீங்கள் வைச்சீங்களே, அதுக்குள்ளதான். கரண்ட் இருக்கும் மட்டும்."

"அணைச்சா?"

"போய்விடும். அதுக்குத்தான் டிஸ்க் தட்டில எழுதச் சொல்லுறது."

மூன்று வாரக் கரும்பலகை சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லிற்று. அதன்பின் பூமணியின் பக்கம் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால், அது பெட்டிக்குள் எந்த இடத்தில் நடக்கிறது என்று கேட்பாள். இடம் தெரிந்துவிட்டால் சொல்லும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஞாயிற்றுக் கெடுவை யோகநாதனும் மறந்துவிட்டார், அவளும் நினைவூட்டவில்லை. அடுத்த பருவத்தில் அவர் பாடத்தையே மாற்றிப் போட்டார். முதல் மணி நேரம் மூடியைத் திறப்பது, அதைப் பூமணி நடத்துவது. கரும்பலகை அப்புறம்.

ஆனால் நவம்பர்த் தேர்வில் அவள் தேறவில்லை. பிழையில்லாமல்தான் செய்தாள், வேகம் போதவில்லை. ஆறு பேர் வேண்டிய இடத்தில் ஏழாவது. இன்னும் சிலர் தேவை, மறு தேர்வு ஜூனில் என்றார்கள். தாதி கொடுத்த ஒரு வருடமும் அந்த ஜூனோடு முடிகிறது. வேலாயுதம் அதைக் கேட்டுவிட்டு, ஏழாவதென்றால் முன்னால் ஆறு பேர்தான், நெடுஞ்சாலையில் அது நெரிசலே இல்லை என்றான். ஏழு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் போனாள். மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாகப் பழக்கினாள். நுண்ணோக்கியில் பார்ப்பது மங்க மங்க, விசையைப் பார்க்காமல் தட்டுவது கைவந்தது.

1988 ஜூனில் மூன்றாவதாக வந்தாள். கண்ணாடி போட்ட அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி. திரையில் எழுத்துகள் பெரிசு பெரிசாக, பச்சையாக.

இரண்டாவது வாரமே அவள் லைன் மேற்பார்வையாளர் ரொஹானியிடம் போய் நின்றாள். தன் பழைய லைனில் இன்னும் ஐந்து பேருக்குக் கண் அட்டை சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை மாற்றிப் போட்டால் அவர்களும் வகுப்புக்கு வருவார்கள் என்று மலாயில் சொன்னாள். யார் சொல்லிக் கொடுப்பது என்று ரொஹானி கேட்டாள். பாதி நேரம் யோகநாதன், பாதி நேரம் நான் என்றாள் பூமணி. வேலைப் பட்டியலைத் திருப்பி வைத்து, வகுப்புக்கு வரும் ஐந்து பேரின் பெயர்களை எழுதினாள் ரொஹானி. பிறகு அந்த ஐந்து பெயர்களுக்கும் மேலே, முதலாவதாகத் தன் பெயரை எழுதினாள்.