குருசுக்குப்பத்தில் சோப்பு சர்வே

இன்று காலை குருசுக்குப்பத்தில் வீடு வீடாகப் போய், எந்தத் துணி சோப்பு வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு என் வேலை அதுதான்.

ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் செல்வி அக்கா. மூன்று வருடம் முன்பு மானுடவியல் எம்.ஏ. படித்தபோது, மீன் விற்கும் பெண்களைப் பற்றிய ஆய்வுக்காக இவரோடுதான் பெரிய மார்க்கெட்டில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்கி எங்க சாமி, சடங்கு, கல்யாணம் எல்லாம் கேட்டு எழுதுன. இன்னைக்கி சோப்பா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

பிளஸ் டூ முடித்த மகளைக் கூப்பிட்டார். "உன்னப் பாத்துட்டுதான் இதுவும் அந்தப் படிப்பே படிக்கணும்னு நிக்குது. அவங்க அப்பா நர்சிங் சேருன்றாரு. நீயே சொல்லு."

அந்தப் பெண் என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தாள். "படிச்சா என்னா வேலைக்கிப் போலாம்க்கா?"

அருங்காட்சியகம், தொண்டு நிறுவனம், பழங்குடியினர் நலத்துறை, கல்லூரி ஆசிரியர் என்று, முதல் நாள் வகுப்பில் எங்களுக்குச் சொன்னதையே ஒப்பித்தேன்.

"நீங்க அதுல எதுக்கும் போவலியா?"

"எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஆனா படிச்ச வரைக்கும் ரொம்பப் புடிச்சிருந்துச்சி" என்றேன். அதில் பொய்யில்லை.

கல்லூரிக்கு அவள் நாளை மாலைக்குள் விண்ணப்பிக்க வேண்டுமாம். யோசித்துச் சொல்வதாக நம்பர் வாங்கி வந்திருக்கிறேன்.

இந்தப் படிப்பைப் படித்து, அந்தப் பட்டியலில் ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்கள் கமெண்டில் ஒரு வரி எழுதுங்கள். ஒருவர் போதும், அவள் அப்பாவிடம் காட்ட.