வெறும் தண்ணீரும் பச்சையான நாள்

அன்று காலை மலர் சோதனைக் குழாய்களைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். எல்லாக் குழாயும் பச்சை. புரதமே போடாத ‘பிளாங்க்’ குழாயும் பச்சை.

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த லேபில், வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிரியின் புரதம் ஒன்றை மலர் ஆராய்ந்துகொண்டிருந்தாள். உயிர்களுக்கு எரிபொருளான ஏடிபியை அது பிடித்துக்கொள்கிறது என்று ஏற்கெனவே காட்டிவிட்டாள். உடைக்கிறதா என்பதுதான் பாக்கி. எழுபது டிகிரி சூட்டில்தான் அந்தப் புரதத்துக்கு வேலையே ஓடும். ஏடிபி உடைந்தால் பாஸ்பேட் வெளியே வரும். அது பட்டால் மஞ்சள் சாயம் பச்சையாகும். பிளாங்கில் ஏடிபி மட்டும்தான், அது மஞ்சளாகவே நிற்க வேண்டும்.

எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு சார் எட்டிப் பார்த்தார். “சூட்டுலயே ஏடிபி உடையுதும்மா. ஒன் புரதம் ஒண்ணும் பண்ணல. சாயங்காலம் வரைக்கும் பாரு, இல்லன்னா தலைப்ப மாத்திடலாம்.”

வருடக்கணக்கான உழைப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அழுவுறத அப்பறம் வச்சிக்க. சூடும் வாணாம், ஏடிபியும் வாணாம். கழுவி வச்ச இன்னொரு கொழாயில வெறும் தண்ணிய ஊத்தி சாயத்தப் போடு” என்றேன்.

போட்டாள். அட கடவுளே, அதுவும் பச்சை! தண்ணீரும் சாயமும் அன்று புதிதாக எடுத்தவை. அப்படியென்றால் கோளாறு குழாயில்தான்.

“இதெல்லாம் யாருடி கழுவுனது?”

“மாமாதான்க்கா. நேத்து கூட்டிட்டுப் போவ வந்தாரு. ‘நீ களைச்சிப் போயிருக்க, உக்காரு’ன்னு அவரே கழுவுனாரு.”

மலரின் கணவர் சேகர் கடலூரில் பைக் மெக்கானிக். போன் போட்டேன்.

“சோப்புத்தூள் போட்டு ஜம்முனு தேச்சி வச்சேன்க்கா! பளபளன்னு இருக்குமே?”

அந்தக் குழாய்களுக்கு ஆசிட்டும் டிஸ்டில்டு வாட்டரும் தவிர நாங்கள் எதையும் காட்ட மாட்டோம். சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கும். துளி ஒட்டியிருந்தாலும் போதும்.

புது பிளாஸ்டிக் குழாய்களில் மறுபடி வைத்தோம். பிளாங்க் மஞ்சளாகவே நின்றது. புரதம் போட்டது பச்சை! மலர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சார் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“சரிம்மா, உடைக்குது. எழுத ஆரம்பி” என்றார்.

சாயங்காலம் சேகர் வந்தார். “நல்லா வந்துச்சா? நான் கழுவுன கைராசி!”

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மேசைக்கடியில் மலர் என் காலை ஓங்கி மிதித்தாள்.

“ஆமா மாமா, ஒங்க ராசிதான்” என்றாள்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முடிவு கோணலாக வந்தால், புரதத்தைத் திட்டுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

சேகர் தம்பி, இதைப் படித்தால் மலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அன்று என் கால் கட்டைவிரல் வீங்கியது உங்கள் மேல் அவளுக்கு இருந்த ஆசையால்தான்.