செயின் சத்தம் அடங்கிய மாலை

இன்று ஓசூரில் பைக் செயினுக்கு ஆயில் வாங்கப் போனேன். "ஸ்ப்ரேவா, கியர் ஆயிலாண்ணா?" என்றார் கடைக்காரர். மனம் தொண்ணூறுகளின் பனிக்காலத்துக்குப் போய்விட்டது.

அப்போது எங்களுக்குப் புதுக் கல்யாணம். பேரிகை என்ற எல்லையோர ஊர்க்காரியான என் மனைவிக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. என்னிடம் அதிகம் பேசமாட்டாள். என்னைப் பிடிக்கவில்லையோ என்று பயந்தேன்.

ஒரு மாலை, அவளைப் பின்னால் உட்காரவைத்து ராயக்கோட்டை சாலையில் போகும்போது பைக் செயின் ரொம்பவே கிறீச்சிட்டது. வண்டியை நிறுத்தினேன். அவள் பின்சக்கரத்தை மெல்லச் சுற்ற, நான் கைவசமிருந்த கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்தேன்.

மறுபடி கிளம்பியதும் வண்டி பனிக்குள் மிதந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு தெலுங்குப் பாட்டு கேட்டது.

"நீ பாடுவியா?"

"தினமுந்தான் பாடறேன். உங்க வண்டி கத்துற கத்துல எங்க கேக்குது?"

உங்கள் வண்டிச் சத்தத்தில் என்னவெல்லாம் கேட்காமல் போனதோ, சொல்லுங்கள்.