என் பெங்களூருப் பையன்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் பட்டம் வாங்கியவளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. அப்படியிருக்க, குடும்பத்தில் முதன்முதலாக மனநல ஆலோசகரிடம் போனதும் நானாகத்தானே இருக்க முடியும்? இதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. பலகையைப் பார்த்து எழுதும்வரை ஒன்றுமில்லை. மாணவர்கள் பக்கம் திரும்பினால் மூச்சு அடைக்கும், தொண்டையில் சத்தம் வராது. பாதி வகுப்பில் வெளியே ஓடி வந்ததும் உண்டு. "முடியலைன்னா இந்த செமஸ்டரோட நின்னுக்கோங்கம்மா" என்றார் துறைத் தலைவர். வேலை போனால் அடுத்தது கல்யாணம்தான். அத்தையின் கைவசம் எப்போதும் ஒரு மாப்பிள்ளை இருப்பார்.

முதலில் பார்த்த ஆலோசகர், எல்லாம் குழந்தைப் பருவத்தால் வந்தது என்றார். அம்மா கூலி வேலைக்குப் போன இடத்தில் என்னைப் புளியமரத்துத் தூளியில் போட்டுவிடுவாள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. நான் அதில் நன்றாகத் தூங்கினேன் என்றதும் வாடிவிட்டது. அடுத்தவர் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மூச்சைக் கவனித்துக்கொண்டே வகுப்பைவிட்டு ஓடி வந்தேன். கடைசியில் கிடைத்தவர் பெங்களூரில் இருக்கும் ஓர் அம்மையார், ஞாயிறுதோறும் போனில் பேசுவார். எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, வகுப்பே அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேச வேண்டும் என்பது அவர் முறை.

கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதனால் மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தக்காளித் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்விடுவேன்.

வாரம் தவறாமல் ஒரு பெண் கொட்டகைக்குப் பின்னால் போய், போனில் பேசி அழுது, முகம் தெளிந்து திரும்பி வந்தால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அத்தை அதை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, தன் கைவசமிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் பார்க்க வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அம்மா பின்னாலேயே வந்து பிடித்தாள். நான் நாற்காலிக்கு அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன்.

"பையன் யாருன்னு சொல்லு கண்ணு. அப்பங்கிட்ட நான் பேசிக்கறேன்."

போனை நீட்டினேன். அம்மையார் கன்னடம் கலந்த தமிழில் வணக்கம் சொன்னார். அம்மா போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "பையனோட அம்மாவா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அம்மா என் வகுப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாவசங்கீர்த்தனம் மாதிரியா? சாமியாரு வெளிய சொல்ல மாட்டாரு. இவங்க?"

"இவங்களும் மாட்டாங்க."

"முடிஞ்சதும் என்ன செபம் சொல்லச் சொல்லுவாங்க?"

"ஹோம்வொர்க் தருவாங்க."

"இத நிறுத்திட்டா?"

"வேலை போயிரும்மா."

அம்மா எட்டி, பக்கத்துத் தக்காளிச் செடியில் பழுத்த இலையொன்றைக் கிள்ளிப் போட்டாள். "இவ மனசுக்கு வைத்தியம் பாத்துக்கறான்னு ஊருக்குத் தெரிஞ்சா அது கடைசிவரைக்கும் ஒட்டிக்கும். பையன்னா நாளைக்கு வேணாமுன்னு சொல்லிக்கலாம். பையனாவே இருந்துட்டுப் போவட்டும்."

அன்று சாயங்காலமே அத்தையிடம் சொல்லிவிட்டாள்: "பெங்களூருல நல்ல வேலைங்க. நம்ம வேதக்காரப் பையன்தான்." அத்தை தன் மாப்பிள்ளையை வேறு வீட்டுக்குத் திருப்பிவிட்டாள்.

நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் பாதியில் ஓடி வருவதில்லை. துறைத் தலைவர் அடுத்த செமஸ்டருக்கும் எனக்குப் பாடம் ஒதுக்கினார். இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மையார் விடைகொடுத்தார். பெருமையாக வந்து சொன்னேன். அம்மாவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது.

"திடீர்னு நிறுத்துனா உங்க அத்த அந்த மாப்பிள்ளையத் திரும்பக் கூட்டியாந்துருவா. நாக்காலிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

வீட்டார் குறுக்கிடாதபடி எனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்லித்தான் அத்தனை ஆலோசகர்களும் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். ஒருவராலும் முடியவில்லை. இப்போது ஞாயிறுதோறும் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து, அணைத்து வைத்த போனை மடியில் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துகிறேன். அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு வரும் அத்தை, பையனோடு பேசுகிற பெண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறாள்.