மூன்று வீடுகளுக்குச் சொல்லப் போனோம்

காலை 8.10, ரவாங். என் தோழி கஸ்தூரி இரவு ஷிப்டு முடிந்து, தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். என் கல்யாணம் நின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்தவர்களுக்கு, கல்யாணம் இல்லை என்பதையும் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். போனில் சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வெளியே தலைகாட்டத் தெம்பில்லை. வடக்கே மூன்று சொந்தக்கார வீடுகள் பாக்கி இருந்தன.

"நீ சும்மா நில்லு, போதும். நான் பேசிக்கிறேன் லா," என்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்காகப் பேசுகிறவள் அவள்தான்.

9.05, ஈஜோக். முப்பது கிலோமீட்டர், வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். சிவப்பு விளக்கில் கார் நின்றாலே எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. பெரியம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காரும்மா," என்றார். நான் உட்காரவில்லை. கஸ்தூரி கூசாமல் ஆரம்பித்தாள்: "ஜாதகத்துல ஏதோ சிக்கலாம், பெரியம்மா. ஐயரு கடைசி நேரத்துல வேணாம்னுட்டாரு."

"எந்த ஐயரு?" என்று பெரியம்மா கேட்டபோது நான் செருப்பு மாட்டியாகிவிட்டது.

10.20, கோலா சிலாங்கூர். மலையடிவாரக் கடையில் தே தாரிக் டீ, குவளை இரண்டு வெள்ளி. மேலே போய்க் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கலாம் என்றாள் கஸ்தூரி. கடைக்கு எதிரிலேயே குரங்குகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டில் உள்ள ஜோடிகளெல்லாம் இன்றைக்குத்தான் கிளம்பி வர வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. பாதித் தேநீரில் எழுந்துவிட்டேன்.

11.15, தஞ்சோங் காராங். வாய்க்கால் ஓரத்தில் சித்தப்பா வீடு. இங்கே கதை மாறியது. "மாப்பிள்ளைக்கு சிங்கப்பூர்ல வேல கெடச்சிருச்சு, சித்தப்பா. ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டாச்சு."

காரில் ஏறியதும், "ஏன்டி மாத்தின?" என்றேன்.

"ஜாதகம்னா ஒனக்குத்தான் தோஷம் கீஷம்னு பேசுவாங்க. வேலன்னா ஒன்னும் இல்ல பாரு."

திருத்திச் சொல்கிறாளாம்! பன்னிரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தேன். இரண்டு வருடம் கழித்து அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்ததும் சிரிப்பு போய்விட்டது.

பகல் 1.00, சுங்கை பஞ்சாங். நெல் வயல்களைத் தாண்டி அத்தை வீடு. அப்பாவுக்கு அக்கா. எங்களுக்கு முன்பே போன் வந்து சேர்ந்திருந்தது. கேட்டருகிலேயே மறித்தார்.

"ஈஜோக்ல ஜாதகமாம், தஞ்சோங் காராங்ல சிங்கப்பூராம். எங்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

கஸ்தூரி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ரெண்டும் பொய், அத்தை. அவருக்கு நான் வேணாமாம். வேற ஒருத்தியப் பிடிச்சிருக்காம். மெசேஜ்ல சொல்லிட்டாரு."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.

அத்தை திட்டவில்லை. "அவனுக்கு நேர்ல வந்து சொல்ல மூஞ்சி இல்ல. நீ இம்புட்டுத் தூரம் வந்து சொல்ற," என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார். மீன் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

2.30. ரவாங்குக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. கஸ்தூரிக்குக் கண் சொருகியது. சாவியை வாங்கி நான் ஓட்டினேன்.

"அத்தைகிட்ட என்னடி சொல்ல இருந்த?"

"நீதான் அவன வேணாம்னு தூக்கிப் போட்டுட்டன்னு."

அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே டிஷ்யூ பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"அழு. ஆனா ரோட்டப் பாத்து அழு லா."

வழியில் சிகிஞ்சான் ஊர் வரை அழுதுகொண்டே ஓட்டினேன். தூங்கு, தூங்கு என்று எத்தனையோ தடவை சொன்னேன். நான் அழுது முடிக்கும்வரை அவள் தூங்கவில்லை.